புள்ளிக்கோட்டில் வெட்டியவர்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. வாடிக்கையாளருக்கும் சபையாருக்கும் அவர் அங்குலம் அண்ணன். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்குலம் மாமா. தையற்கடைக்காரருக்கு அப்படியொரு பட்டப்பெயர் அமைந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் மனிதர் கடையை விட்டு வெளியே வந்தாலும் அங்குலத்தை விடமாட்டார். பிரசங்கம் எப்படி இருந்தது என்று போதகரே கேட்டால், "ரெண்டு அங்குலம் நீளம் ஐயா, மத்தபடி நல்லா உட்கார்ந்துச்சு" என்பார். போதகரும் சிரித்துக்கொண்டு அடுத்த வாரம் அரை அங்குலம் குறைத்துக்கொள்வார்.

கடை சின்னதுதான். வாசலை ஒட்டித் தையல் மிஷின், உள்ளே வெட்டும் மேசை, மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு, சுவரெல்லாம் பாதி தைத்த கோட்டுகளும் கவுன்களும். மிஷினுக்கு எதிரே ஒரு முக்காலி. அது அவர் மனைவியுடையது. பட்டன் வைப்பது, கொக்கி கட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது, வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது எல்லாம் அந்த முக்காலியில் இருந்துதான் நடக்கும். முப்பத்து நான்கு வருடமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வேலை செய்கிறார்கள். அப்படி எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே ஒரு விஷயத்தை அவளிடமிருந்து ஒரு வருடமாக மறைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்றால், அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது!

மறைத்த விஷயம் இதுதான். கண் போய்க்கொண்டிருந்தது. வலது கண்ணில் புரை முற்றி, எதைப் பார்த்தாலும் எண்ணெய்க் காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரிந்தது. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் விரலால் தடவித் தடவித்தான் தைத்தார். கிறிஸ்துமஸுக்குப் போதகருக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கியில் வலது கை ஒன்றரை அங்குலம் நீண்டுவிட்டது. போதகர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்கும்போது இடது கையில் ஐந்து விரலும் தெரியும், வலது கையில் விரல் நுனிதான் தெரியும். சபை முழுக்க அதைப் பார்த்தது. பார்க்காதவர் தைத்தவர் ஒருவர்தான்.

ஜிப் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகவே கண் டாக்டரிடம் போய்வந்தார். சின்ன ஆபரேஷன்தான், ஜனவரி நாலாம் தேதி காலையில் வந்துவிடுங்கள், இன்னும் தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இவர் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு வந்து, சீட்டை மிஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் ஒளித்துவைத்தார். பயம்தான். அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில் இதே ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்தபோது பார்வை வரவில்லை. கடைசி வரைக்கும் மகனுடைய மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது அப்படியில்லை என்று டாக்டர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். அது இவருடைய புத்திக்கு எட்டியது, மனதுக்கு எட்டவில்லை.

இந்த இடத்தில் அட்டை விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை காலை எட்டு மணிக்கு. ஆராதனையின் முடிவில் ஒரு தகர டப்பாவில் வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும். ஆளுக்கு ஒன்று கண்ணை மூடி எடுத்துக்கொள்ள வேண்டும். வேத வசனம் ஒன்று அதில் இருக்கும். அந்த வருடம் முழுக்க அதுதான் அவரவர்க்குத் துணை. இது லாட்டரிச் சீட்டு இல்லை, எல்லா வாக்கும் எல்லாருக்கும்தான் என்று போதகர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். சபையும் ஆமென் சொல்லிவிட்டு, லாட்டரிச் சீட்டு எடுப்பது போலவே டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவும். அச்சகத்தில் இருந்து பெரிய பெரிய தாளாக வரும் அந்த அட்டைகளைக் கோடு பிசகாமல் வெட்டிக் கொடுப்பது இருபத்தேழு வருடமாக அங்குலம் அண்ணனுடைய ஊழியம். அதை வேறு யார் கையிலும் விடமாட்டார்.

இந்த வருடம் அவர் ஆண்டவரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். வெட்டும் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஆண்டவரே, நாலாம் தேதி போகணுமா வேண்டாமான்னு என் அட்டையில சொல்லிடுங்க. தெளிவாச் சொல்லிடுங்க. சுத்திவளைச்சுச் சொன்னா எனக்குப் புரியாது" என்று வேண்டிக்கொண்டார். படிக்கவே முடியாத அட்டையை நம்பி இப்படியொரு ஒப்பந்தம் போட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதற்கும் வழி வைத்திருந்தார்: பட்டன் டப்பாவுக்குள் ஒரு பூதக்கண்ணாடி. ஆராதனை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் கடைக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். அட்டை 'போ' என்றால் போவது, இல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இருக்கிற கண்ணோடு காலத்தை ஓட்டுவது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் அச்சகத்துக்காரர் தாள்களைக் கொண்டுவந்தார். மனைவி அப்போது கடையில் இல்லை. மற்ற பெண்களோடு ஆலயத்தைக் கழுவித் துடைக்கப் போயிருந்தாள். அச்சகத்துக்காரருக்கும் அன்று தலைக்கு மேல் வேலை. தாளோடு ஒரு துண்டுச் சீட்டையும் மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் இதுல எழுதியிருக்கேன், பார்த்துக்கங்கண்ணே" என்று ஓடிவிட்டார். அங்குலம் அண்ணன் சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார். பொடி எழுத்து. பூதக்கண்ணாடியை எடுக்கப் போனபோது வாசலில் யாரோ வருகிற சத்தம் கேட்டது. எப்போதும் வருகிற ரசீதுதானே என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சீட்டில் எழுதியிருந்தது ரசீது இல்லை. இந்த வருடம் அச்சகத்துக்காரர் ஒரு புதுமை செய்திருந்தார். ஒவ்வொரு அட்டையும் சின்னப் புத்தகம் போல இரண்டாக மடிகிற மாதிரி, வசனத்தின் முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி மறுபக்கம். முழுக்கோட்டில் வெட்டவும், புள்ளிக்கோட்டில் மடிக்கவும் என்று எழுதியிருந்தார். இதை ஒரு தையற்காரருக்கு எழுதிக்கூடத் தர வேண்டியதில்லை. முழுக்கோடு கத்தரிக்கு, புள்ளிக்கோடு மடிப்புக்கு என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கையில் ஏறிவிடுகிற பாடம். ஆனால் அதற்குப் புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அவருக்கு எல்லாமே மங்கலாக ஓடும் சாம்பல் கோடுகள். கோடு என்று தெரிந்ததையெல்லாம் வெட்டினார். எண்ணிப் பார்த்தபோது நூறு வர வேண்டிய இடத்தில் இருநூறு வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. போன வருடம் கூட்டம் தாங்காமல் அட்டை தீர்ந்துபோய், ரொட்டிக்கடைக்காரர் வெறுங்கையோடு திரும்பி ஆறு மாதம் அதையே சொல்லிக் காட்டினார். இந்த வருடம் யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள் என்று சந்தோஷமாக டப்பாவை நிரப்பி மூடினார்.

மறுநாள் காலையில் வெளியூர் விருந்தாளிகளும் சேர்ந்து இரண்டு மடங்கு கூட்டம், ஆலயம் பிதுங்கியது. பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்து, அங்குலம் அண்ணன் டப்பாவோடு முன்னால் போய் நின்றார். வரிசை வரிசையாக வந்து எடுத்தார்கள். அவரும் மனைவியும் எப்போதும் கடைசி. எல்லாரும் எடுத்த பிறகு டப்பாவின் அடியில், மை காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டே இரண்டு கிடந்தன. ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள், மற்றதை அவர் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனார். பூதக்கண்ணாடி கடையில் இருக்கிறது, இன்னும் ஆசீர்வாதம் ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் சலசலப்பு ஆரம்பித்தது. முதலில் ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். அவர் அட்டை 'ஆகையால்' என்று ஆரம்பித்து, மனம் மகிழ்ந்து பாடுவேன் என்று முடிந்திருந்தது. போன வருடம் அட்டையே இல்லை, இந்த வருடம் காரணமே இல்லையா என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மூன்று பெஞ்சுக்குக் கேட்டது. குழாய் ரிப்பேர்க்காரருக்கு வாயைத் திற என்பதோடு அட்டை நின்றுவிட்டது. சுருதி சேரவில்லை என்று போன வருடம்தான் அவரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தியிருந்தார்கள், ஆகையால் அவர் அதைப் பக்கத்து பெஞ்சுகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு டீச்சரம்மாவுக்குக் கேள் என்று மட்டும் இருந்தது. எதைக் கேட்பது, கேட்டால் கிடைக்குமா, ஒன்றுமில்லை.

ரொட்டிக்கடைக்காரர் நேராகப் போதகரிடமே போய்விட்டார். போதகர் நாலைந்து அட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். இரண்டு பொருந்தின. வெட்டிய ஓரத்தை விரலால் தடவினார். பிறகு தன்னுடைய அங்கியில் வலது கையின் நீண்ட ஓரத்தை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் தலை நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே அங்குலம் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சலசலப்பில் காதில் விழுந்ததை வைத்தே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இருநூறு அட்டை. நூறு வசனம். தன் கையாலேயே நடுவில் வெட்டியிருக்கிறார். உட்கார்ந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

போதகர் தப்பு யாருடையது என்று சொல்லவில்லை. மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் யாருக்கும் முழுசாக் கிடைக்கல. உங்க மீதி இங்கயே இன்னொருத்தர் கையில இருக்கு. எழுந்து போய்த் தேடுங்க, கண்டுபிடிச்சதும் ஆசீர்வாதம் சொல்றேன்" என்றார்.

அப்புறம் நடந்த கூத்தை என்ன சொல்ல! ஆராதனையில் பக்கத்து பெஞ்சுக்காரரைக்கூடத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆலயம் முழுக்கச் சுற்றினார்கள். டீச்சரம்மாவுக்கு மீதி ஒரு கைக்குழந்தைக்காரியிடம் கிடைத்தது. ரொட்டிக்கடைக்காரருடைய காரணம், அவர் கடைக்கு எதிரிலேயே போட்டிக்கடை வைத்திருப்பவர் கையில் இருந்தது. இரண்டு பேரும் அசடு வழிய நின்றார்கள். குழாய்க்காரருடைய மீதி, 'நான் அதை நிரப்புவேன்' என்கிற பாதி, பாடகர் குழுத் தலைவியிடமே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அம்மாள் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்து தொலைக்கும்படி சொன்னதாகக் கேள்வி. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எந்த இரண்டு பாதியைச் சேர்த்தாலும் கோடு போட்ட மாதிரிச் சேர்ந்தது. கண்தான் போயிருந்தது, கை போகவில்லை.

கடைசி பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவராகவே பையிலிருந்து அச்சகத்துச் சீட்டை எடுத்து நீட்டினார். முப்பத்து நான்கு வருடத்தில் எதையும் படித்துச் சொல்லும்படி அவர் அவளிடம் கேட்டதில்லை.

"இதைக் கொஞ்சம் படிம்மா. எனக்குத் தெரியல" என்றார்.

அவள் படித்தாள். முழுக்கோட்டில் வெட்டவும், புள்ளிக்கோட்டில் மடிக்கவும். படித்துவிட்டுச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணைப் பற்றி, டாக்டரைப் பற்றி, நாலாம் தேதியைப் பற்றி, அப்பாவின் நாற்காலியைப் பற்றி, ஜிப் வாங்கப் போன பொய்யைப் பற்றி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். பயமாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சாவதானமாகக் கேட்டாள், "தினம் காலையில ஊசிக்குஷன்ல பன்னெண்டு ஊசி கோத்து வச்சிருக்குமே, அது யாரு கோத்து வைக்கிறாங்கன்னு நினைச்சீங்க?"

நினைத்துப் பார்த்தால், ஒரு வருடமாக அவர் ஒரு ஊசி கூடக் கோக்கவில்லை. வெள்ளை நூல் நாலு, கறுப்பு நாலு, அன்றன்றைய துணிக்கு ஏற்ற நிறத்தில் நாலு என்று மிஷின் பக்கத்தில் வரிசையாகக் குத்தியிருக்கும். எடுப்பார், தைப்பார். இவளுக்கு எதையும் ஒழுங்காக வைக்கிற பழக்கம் உண்டு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டதோடு சரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது மனிதருக்குத் தோன்றவே இல்லை.

"பாபினுக்கு அடியில இருந்த சீட்டையும் பார்த்துட்டேன். நாலாம் தேதிக்குப் பை எடுத்து வச்சாச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் காத்துட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவு நேரம் திடமாக இருந்த குரல் அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் உடைந்தது. ஒரு வருடக் கோபமும் ஒரு வருடப் பிரியமும் அதில் இருந்தன.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒப்பந்தத்தையும் ஒளிக்காமல் சொன்னார். போவதா வேண்டாமா என்று இதில்தான் இருக்கிறது, படி என்றார். அவள் படித்துவிட்டுத் தன்னுடைய அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடந்த இரண்டு. ஒரே வசனத்தின் இரண்டு பாதிகள்.

"உங்களோடதுல, 'நான் உன்கூட இருக்கிறேன்'னு இருக்கு. என்னோடதுல, 'பயப்படாதே'ன்னு இருக்கு" என்றவள், கொஞ்சம் யோசித்தாள். "எனக்கென்ன பயம்? பயப்படற ஆள் நீங்கதான். இதை நீங்க வச்சுக்கங்க. அதை என்கிட்டக் கொடுங்க."

மாற்றிக்கொண்டார்கள். சுற்றிவளைக்காமல் சொல்லும்படி அவர் ஆண்டவரிடம் கேட்டிருந்தார். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தலை குனிந்து உட்கார்ந்து, போதகர் ஆசீர்வாதம் கூறி முடிக்கும் வரை அழுதார். அவர் அழுவதை அவள் யாருக்கும் தெரியாமல் மறைத்தபடி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நாலாம் தேதி காலையில் மருத்துவமனையில் நர்ஸ் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் போட்டுக்கொண்டு, தோள்பட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்து, இதை வெட்டியவன் முக்கால் அங்குலம் ஏமாற்றிவிட்டான் என்றார். சட்டையை மனைவியிடம் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் வெறுங்கையோடு நின்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். அவளிருந்த இடத்தில் ஒரு மங்கல் உருவம்தான் தெரிந்தது.

"பயப்படாதீங்க" என்றது அந்த உருவம்.

"மீதிப் பாதி?" என்று கேட்டார்.

"அது இங்கயேதான் உட்கார்ந்திருக்கும். போயிட்டு வாங்க."

அவர் உள்ளே போனார். அவள் வாசலில் இருந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபித்தாளா, அழுதாளா, பக்கத்தில் இருந்தவர்களிடம் வாய் கொடுத்தாளா என்று கேட்டால் மூன்றும்தான்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அவர் மனைவியிடம் அந்த இரண்டு அட்டையையும் கேட்டார். மடியில் வைத்துச் சேர்த்தார். கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். பிறகு முன்பாதியையும் பின்பாதியையும் ஓர் எழுத்துத் தடுமாறாமல் உரக்கப் படித்தார். ஒரு வருடமாக அவர் எதிரே அழாதவள் அன்று டாக்டர் முன்னாலேயே அழுதாள். அவர் இரண்டு பாதியும் சேருமிடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "வெட்டு நேராத்தான் விழுந்திருக்கு" என்றார்.